கிரெடிட் கார்டில் நிரப்பிய அலமாரி

கேள்வி: தட்டுப்பாடு வரும் என்று பயந்து, ஆறு மாத மளிகையை கிரெடிட் கார்டில் வாங்கி அடுக்கினேன். மாதாமாதம் மினிமம் தொகையைத்தான் கட்ட முடிகிறது. போன வாரம் மாவில் வண்டு, எண்ணெயில் சிக்கு வாடை. மறுபடி விலை ஏறுகிறது. இன்னொரு முறை வாங்கி வைக்கலாமா? வட்டியில்லாத தவணையில் பெரிய ஃப்ரீசர் எடுக்கலாமா? அண்ணனும் தன் வீட்டுக்கு என் கார்டில் வாங்கித் தரச் சொல்கிறார்.

பதில்: மூன்றுமே வேண்டாம். சிக்கனம் உங்களுக்குத் தெரியாததில்லை. கெடுப்பது ஒன்றுதான்: ஆறு மாதம் கழித்துச் சாப்பிடப்போவதை இன்றே கடனில் வாங்குகிறீர்கள்.

கார்டு வட்டி மாதம் 3 சதவீதம், மினிமம் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100க்கு வாங்கினால் முதல் மாதம் கட்டும் 5இல் 3 வட்டிக்கே போய்விடும். ஆறு மாதத்தில் வட்டி மட்டும் சுமார் 17. சாமானில் ஐந்தில் ஒரு பங்கு கெட்டால், 117 செலவழித்து 80க்கான சாப்பாடு. அதாவது விலை 46 சதவீதமாவது ஏறியிருந்தால்தான் உங்களுக்கு நஷ்டமில்லை. சாமான் தீர்ந்த பிறகும் அசலில் 88 நிற்கும். பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்குவதற்குப் பெரும்பாலான கார்டுகளில் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால் கார்டை இன்றே எடுத்து உள்ளே வையுங்கள்.

ஃப்ரீசர் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. வட்டியில்லாத தவணை என்பார்கள்; செயலாக்கக் கட்டணத்தையும், ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடியையும் கூட்டிப் பாருங்கள். மின்கட்டணம் தனி. காலியாக இருக்கும் ஃப்ரீசரை நிரப்ப மறுபடி கார்டைத்தான் எடுப்பீர்கள்.

மெனு எழுதிவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். முதலில் அலமாரியைத் திறந்து, எது முதலில் கெடும் என்று பார்த்து, அதை வைத்தே வாரச் சமையலை எழுதுங்கள். காய்ந்த பயறும் பருப்பும் ஊறி வெந்தால் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும்; அளந்து போட்டால் மிச்சம் விழாது. பயறு பழசாகப் பழசாக வேக நேரமாகும், எரிபொருளும் கூடும். அதனால் பழையதை முன்னால் நகர்த்துங்கள். சமைத்ததில் மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கையிருப்பே கூடாது என்று சொல்லவில்லை, பயம் நியாயமானதுதான். கார்டு பாக்கி தீர்ந்ததும், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பொருளைக் கூடுதலாக, ரொக்கத்தில் வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கான இருப்பு சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் அண்ணன். அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் உங்கள் அலமாரியிலிருந்து ஒரு பை கட்டிக்கொடுங்கள், திருப்பிக் கேட்காதீர்கள். கார்டை மட்டும் கொடுக்காதீர்கள். அவர் தவணை தவறினாலும் வங்கி கேட்கப்போவது உங்களைத்தான்.