மோட்டார் போட்டா குழாய்ல ஷாக் அடிக்குது, என்ன பண்றது?

கேள்வி: அண்ணே, எங்க மாமனார் காலத்து வீடு, குழாயெல்லாம் பழைய இரும்புக் குழாய். சித்திரை பொறந்ததுல இருந்து மோட்டார் ஓடும்போது கொல்லைக் குழாயத் தொட்டா சுருசுருங்குது, ஈரக்கையா இருந்தா சுள்ளுன்னு இழுக்குது. மழைக்காலத்துல இப்படி இல்ல. வீட்டுக்காரர் செருப்பு போட்டுக்கிட்டு தொடுங்கிறாரு. (ஒரு வாசகி, மன்னார்குடி பக்கம்)

பதில்: தங்கச்சி, இதப் படிச்ச கையோட மோட்டார ஆஃப் பண்ணி பியூஸையும் புடுங்கி வச்சிடுங்க, சரி பண்ற வரைக்கும் அடிபம்புல தண்ணி அடிச்சுக்கலாம். செருப்ப நம்பாதீங்கம்மா, குளிக்கிற புள்ளை வெறுங்காலோடதான நிக்கும்.

மோட்டார் காயில்ல இன்சுலேஷன் போயி கரண்ட் பாடிக்கு வருது, பாடியில இருந்து இரும்புக் குழாய் வழியா வீடு பூரா போகுது. எர்த் சரியா இருந்தா அதுல முக்காவாசி மண்ணுக்குள்ள இறங்கிடும். ஆனா நம்ம பக்கத்துக் களிமண்ணு இருக்கே, ஈரம் இருக்கவரைக்கும் எர்த் குழாயக் கெட்டியா புடிச்சிருக்கும், கோடையில பாளம் பாளமா வெடிச்சு குழாய விட்டு விலகிடும். மழைக்காலத்துல இல்ல, சித்திரையிலதான் அடிக்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே பாதி விடை இருக்கு.

அப்பறம் ஏன் பியூஸ் போகலன்னு கேப்பீங்க. எர்த்தோட தடை 20 ஓம்னு வைங்க, 230 வோல்ட்டுக்கு 11.5 ஆம்பியர்தான் போகும், 16 ஆம்பியர் எம்.சி.பி. (பியூஸுக்குப் பதிலா வைக்கிற, தானா விழுற சுவிட்ச்) அதுக்கு அசையவே அசையாது, ஆனா அதுல நூத்துல ஒரு பங்கு நெஞ்சு வழியா பாஞ்சாலே உசுருக்கு ஆபத்து. அதனாலதான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் லீக் ஆனா கட் பண்ற சுவிட்ச்) கட்டாயம் வைங்கன்னு பாக்குறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கேன், அந்த அளவு லீக் ஆனாலே கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள கட் பண்ணிடும். மாசம் ஒருதடவ அதுல இருக்க டெஸ்ட் பட்டன அமுக்கிப் பாருங்க.

வயர்மேன் வந்தா மெகர் (இன்சுலேஷன் சோதிக்கிற மீட்டர்) வச்சு மோட்டாரயும், எர்த் வயர் நடுவுல அறுந்திருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க. மெயின ஆஃப் பண்ணியும் குழாய்ல டெஸ்டர் எரிஞ்சா தப்பு உங்க வீட்டுல இல்ல, பக்கத்து வீடாவோ தெரு லைனாவோ இருக்கும், உடனே ஈ.பி.க்கு சொல்லணும். முக்கியமா ஒண்ணு, எர்த் இல்லன்னா, கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் வயர்லயே சேத்து முடுக்கிடலாம்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க, வெளியில நியூட்ரல் அறுந்துச்சுன்னா வீட்டுல இருக்க அத்தனை இரும்பும் ஷாக் அடிக்கும். எர்த் குழியில கரியும் உப்பும் புதுசா போடச்சொல்லி, கோடை முழுக்க ரெண்டு மூணு நாளைக்கு ஒருதடவ ஒரு குடம் தண்ணி ஊத்துங்க.

கேள்வி: சார், தை வரைக்கும் மோட்டார் நல்லா எடுத்துச்சு, இப்ப ஓடுது ஆனா தண்ணி ஏறல. மோட்டார மாத்தணுமா? (வாசகர், பாபநாசம்)

பதில்: அவசரப்பட்டு மாத்திடாதீங்க சார். வழக்கப்படி மேட்டூர் ஜனவரி 28 அடைச்சுட்டா ஜூன் 12 வரைக்கும் ஆறு காஞ்சு கிடக்கும், போர் மட்டமும் இறங்கிடும். மேல வைக்கிற சாதா மோட்டார் நடைமுறையில 25 அடி ஆழம் வரைக்கும்தான் உறிஞ்சும், எத்தனை எச்.பி. போட்டாலும் அதேதான். கயித்துல கல்லக் கட்டி போருக்குள்ள விட்டுப் பாருங்க, 25 அடிக்குக் கீழ நனைஞ்சா தண்ணிக்குள்ளயே இறக்குற சப்மெர்சிபிள் மோட்டார்தான் வழி. அதுக்கு மேலயே தண்ணி இருந்தா ஃபுட் வால்வுதான் (உறிஞ்சுற குழாயோட அடியில தண்ணி திரும்ப இறங்காம தடுக்குற வால்வு) சந்தேகம், பம்புல தண்ணி ஊத்தி நிரப்பி பத்து நிமிஷம் விடுங்க, இறங்குச்சுன்னா வால்வு ஒழுகுது இல்ல சக்‌ஷன் குழாய் ஜாயிண்ட்ல காத்து புடிக்குது. தண்ணி இல்லாம சும்மா ஓட விட்டா சீல் கருகிடும், அது தனிச் செலவு.

கேள்வி: பிளக் சூடாகி கருகுது, வயர் முனையெல்லாம் பச்சையா பூத்திருக்கு. (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: கடல் காத்துல செம்பு அப்படித்தான் பூக்கும். மெயின ஆஃப் பண்ணிட்டு, பளபளன்னு செம்பு தெரியுற வரைக்கும் வயர வெட்டி, ஸ்க்ருவ நல்லா முடுக்குங்க. கருகின சாக்கெட்ட மட்டும் திரும்ப மாட்டாதீங்க, புதுசு போடுங்க.