கரையில் ஏற்கெனவே தீ மூட்டியிருந்தது

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதிலிருந்து தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கத்து மக்களிடமிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. கரையில் உட்காரும் நாள்களில்தான் மனசின் அடியில் கிடப்பதெல்லாம் மேலே வரும். நான் குருவானவர் இல்லை, பல வருடம் உபதேசியாராக இருந்தவன். அருளைப் பற்றியும் இளைப்பாறுதலைப் பற்றியும் கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

விசைப்படகுத் தொழிலாளி, தங்கச்சிமடம்: அண்ணே, ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் சும்மாதான் இருக்கிறேன். உடம்பு ஓய்ந்திருக்கிறது, மனசு ஓயவில்லை. படகு முதலாளியான சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம்தான் ராத்திரி பகலாக மண்டைக்குள் ஓடுகிறது. "இளைப்பாறுதல் தருவேன்" என்று ஆண்டவர் சொன்னது எங்களையும் சேர்த்தா?

தம்பி, உங்களைத்தான் முதலில் கூப்பிட்டார். "பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே" என்றுதானே அந்த வசனம் தொடங்குகிறது (மத்தேயு 11:28). வேலை முடித்தவர்களே என்றோ, கடன் அடைத்தவர்களே என்றோ அவர் கூப்பிடவில்லை.

முன்பணம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலுக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் பங்கில் பிடித்தம். அடைத்து முடிக்காமல் வேறு படகு ஏற முடியாது. நம்மில் நிறையப் பேர் கடவுளையும் ஒரு சம்மாட்டியாகத்தான் மனசில் வைத்திருக்கிறோம். உயிரும் பிள்ளைகளும் கடலில் கிடைக்கும் பாடும் அவர் கொடுத்த முன்பணம், அதைச் செபமாலையிலும் நோன்பிலும் கழித்துக்கொண்டே வரவேண்டும் என்று. பவுல் எபேசியருக்கு எழுதும்போது இதை நேராக மறுக்கிறார்: மீட்பு நம் செயலால் வந்ததல்ல, அது கடவுளின் கொடை (2:8-9). கொடைக்குப் பற்று நோட்டு கிடையாது.

பணக்கடன் இதனால் கரைந்துவிடாது, அதை ஒளிக்காமல் சொல்கிறேன். வீட்டில் உங்கள் மனைவியோடு உட்கார்ந்து கணக்கை எழுதுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள். ஆனால் புயலில் படகுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் இயேசு பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்கினார் (மாற்கு 4:38). கடல் அடங்கிய பிறகு இல்லை. கடன் இருக்கும்போதே தூங்கலாம் தம்பி.

ஒரு தாய், பாம்பன்: மகனுக்குக் காய்ச்சல் முற்றியபோது ஓரியூர் புனித அருளானந்தர் கோயிலுக்கு நடந்து வருவதாக நேர்ச்சை வைத்தேன். பிள்ளை பிழைத்துவிட்டான். எனக்கு முழங்கால் போய்விட்டது, நடக்க முடியவில்லை. அருளானந்தர் தண்டிப்பாரோ என்று பயமாக இருக்கிறது.

அக்கா, அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தவர். லிஸ்பனில் பிறந்த மனிதர், நம் மறவர் சீமை மக்களுக்காக உயிரைக் கொடுத்தார். அவரா உங்கள் முழங்காலைக் கணக்குப் பார்ப்பார்? அவர் பெயரிலேயே அருள் இருக்கிறதே.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று: நியாயமான காரணம் இருந்தால் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கும் அதிகாரத்தைத் திருச்சபைச் சட்டம் பங்குத்தந்தைக்குக் கொடுத்திருக்கிறது (எண் 1196). இந்த ஞாயிறே போய்ச் சொல்லுங்கள். அப்புறம் பஸ்ஸிலேயே ஓரியூர் போய், நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். பயத்தில் நடப்பதைவிட நன்றியோடு பஸ்ஸில் போவது நல்லது.

கல்லூரி மாணவி, ராமநாதபுரம்: ஐயா, நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). நாங்கள் "கிருபை" என்கிறோம், நீங்கள் "அருள்" என்கிறீர்கள். இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான் மகளே. கிரேக்கத்தில் காரிஸ் என்ற ஒரே சொல். இதற்காகச் சபைகள் நூற்றாண்டுக் கணக்கில் பிரிந்து நின்றது உண்மை. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் இதைப் பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார் என்று அதில் இருவரும் சேர்ந்தே சொல்கிறார்கள்.

கடல்பாசி எடுக்கும் பெண், பாம்பன் பக்கம்: சில ஞாயிற்றுக்கிழமை நீர்வற்றம் தோதாக இருக்கும், போகாமல் இருக்க முடியாது. ஓய்வுநாளை மீறிய பாவம் சேருமா?

பத்துக் கட்டளை விவிலியத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. விடுதலைப் பயணத்தில் ஓய்வுநாளுக்குக் காரணம், கடவுள் படைத்து முடித்து ஓய்ந்தார் என்பது. இணைச்சட்டம் 5:15-இல் காரணம் வேறு: "நீ எகிப்தில் அடிமையாய் இருந்தாய்" என்பதை நினைவில் கொள். அடிமைக்கு லீவு கிடையாது. விடுதலையானவன் ஓயலாம், அவன் வீட்டு வேலைக்காரியும் மாடும்கூட ஓயலாம். ஆக அந்த நாள் உங்களுக்கான பரிசு தங்கச்சி, உங்களைப் பிடிக்க வைத்த கண்ணி இல்லை. வயிற்றுப்பாட்டுக்காக ஒரு ஞாயிறு கடலில் இறங்கினால் வாரத்தில் வேறு ஒரு நாளில் ஓய்ந்து கொள்ளுங்கள், திருப்பலிக்குச் சனி மாலை வாருங்கள்.

இதைப் படிக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிறு மீனைக் கழுவி ஆய்ந்து குழம்பு வைப்பது யார்? அவர்களுக்கும் அந்தக் கட்டளை உண்டு.

இளைஞர், மண்டபம்: எல்லாம் இலவசம் என்றால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமே?

பவுலிடமே இதைக் கேட்டார்கள். "ஒருபோதும் கூடாது" என்றார் (உரோமையர் 6). வரி வசூலித்த சக்கேயு வீட்டுக்கு இயேசு முதலில் போனார், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அவன் சொன்னது அதற்கு அப்புறம். வரிசையைப் பாருங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: குடியை விட்டு ஏழு மாதம். போன வாரம் மறுபடி விழுந்துவிட்டேன். பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோயிலுக்கு வரக் கூசுகிறது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன் தம்பி.

யோவான் 21-ஐ எடுத்துப் படியுங்கள், நம் கரைக்காகவே எழுதியது போல் இருக்கும். ராத்திரி முழுக்க வலை வீசியும் ஒரு மீன் இல்லை. விடியும் நேரம் கரையில் இயேசு நிற்கிறார். அவர் சொன்ன பக்கம் வீசி, 153 பெரிய மீன்களோடு வலையை இழுத்து வருகிறார்கள். ஆனால் அவர்கள் கரையேறும்போதே கரித் தீ மூட்டியிருக்கிறது, அதன்மேல் மீன் வெந்துகொண்டிருக்கிறது, அப்பமும் இருக்கிறது. அவர்கள் பிடித்த மீன் அதில் ஒன்றும் இல்லை, அது இன்னும் வலைக்குள் துள்ளுகிறது. பாடு கரைக்கு வருமுன்பே அவர்களுக்குச் சாப்பாடு தயார்.

அந்தத் தீயையும் கவனியுங்கள். "கரித் தீ" என்ற சொல் அந்த நற்செய்தியில் இரண்டே இடத்தில் வருகிறது. முதல் தடவை, பேதுரு குளிர்காய்ந்தபடி, தான் இயேசுவின் சீடன் இல்லை என்று மறுத்த இடம். மூன்று தடவை மறுதலித்தவரை அதே மாதிரித் தீக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, முதலில் சாப்பிடச் சொல்கிறார். "ஏன் அப்படிச் செய்தாய்" என்று ஒரு வார்த்தை இல்லை. சாப்பிட்டு முடித்தபின், "என்மேல் அன்பாயிருக்கிறாயா?" என்று மூன்று தடவை கேட்கிறார். அப்புறம் தன் ஆடுகளையே அவர் கையில் ஒப்படைக்கிறார்.

அந்த ஏழு மாதம் வீணாகவில்லை. ஒரு வாரம் அதை அழிக்காது. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, அதாவது பாவசங்கீர்த்தனத்துக்கு, வாருங்கள், குடிநோய் மருத்துவரையும் பாருங்கள். ஒன்று போதும் என்று மற்றதை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளிடம் "அப்பா விழுந்துட்டேன், எந்திரிக்கிறேன்" என்று சொல்லுங்கள். நாளைக் காலைத் திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் வேப்ப மரத்தடியில் இருப்பேன். பேச வேண்டாம் என்றால் பேச வேண்டாம், டீ குடிப்போம். ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வருகிறேன்.