ஏப்ரலுக்குக் காத்திருக்காதீர்கள்: வளாகத் தமிழ் நிகழ்ச்சிகள் பற்றிய கேள்வி பதில்

சிங்கப்பூரில் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை ஒன்றின் ஏற்பாட்டுக் குழுவில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். படிப்பு முடிந்த பிறகும் ஒத்திகைக்குப் போவதை விடவில்லை. ஜனவரியில் தொடங்கும் இரண்டாம் செமஸ்டர் நிகழ்ச்சிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, வெளிநாட்டில் படிக்கும் என் தோழி அவள் கல்லூரி வசந்த விழாப் படங்களை அனுப்புகிறாள். நமக்கு அப்படி ஒரு காலம் உண்டா? (முதலாண்டு மாணவி)

பனி உருகிப் பூப்பூக்கும் காலம் சிங்கப்பூரில் இல்லை. ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை எண்ணிப் பாருங்கள்: பொங்கல், தைப்பூசம், சீனப் புத்தாண்டு, ஹோலி, யுகாதி, சித்திரைப் புத்தாண்டு. ஏப்ரலில், தமிழை வளர்க்க இங்கே இயங்கும் அமைப்பான வளர்தமிழ் இயக்கம் முன்னின்று நடத்தும் தமிழ்மொழி விழா வேறு. இளவேனில் என்று நம் முன்னோர் சொன்ன சித்திரையும் வைகாசியும் இங்கே தேர்வும் அதையடுத்த விடுமுறையும். அதனால் வளாகத்தின் வசந்தம் தை பிறந்ததுமே வந்துவிடுகிறது.

தமிழ்மொழி விழாவில் எங்கள் நாடகத்தைப் போட ஆசை. ஏப்ரலில் எந்த வாரம் நல்லது? (பேரவைச் செயலாளர், மூன்றாம் ஆண்டு)

இதில்தான் நானும் அடிபட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் முதல் நாடகத்தை ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் வைத்தோம். அரங்கில் முந்நூறு இருக்கை, வந்தவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. நடித்தவர்களில் இருவர் மேடைக்குப் பின்னால் பாடக்குறிப்பு படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவே முடியாது. தேதி குறித்த நாங்கள்தான் யோசித்திருக்க வேண்டும்.

தேசியப் பல்கலைக்கழகத்தின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பாடம் 13 வாரம், ஆறாவது வாரத்துக்குப் பிறகு ஒரு வார இடைவேளை. ஏப்ரல் நடுவில் பாடம் முடிந்து படிப்பு வாரம், உடனே தேர்வு. பதினோராம் வாரம் முதல் புராஜெக்ட் ஒப்படைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். எனவே நாடகம், நடனம் போன்ற பெரிய நிகழ்ச்சிகளை மார்ச் பாதிக்குள் முடித்துவிடுங்கள். விழா மாதத்தில் பங்கேற்றே ஆக வேண்டுமென்றால் ஏப்ரல் முதல் வாரத்தில் ஒத்திகை தேவைப்படாத சின்ன நிகழ்ச்சி போதும். ஒரு மணி நேரக் கவிதை வாசிப்பு, ஒரு கதையைச் சேர்ந்து படித்துப் பேசுவது, இந்த அளவு. அரங்கை முந்தைய செமஸ்டரிலேயே பதிவு செய்துவிடுங்கள், எல்லா மன்றங்களுக்கும் அதே சனிக்கிழமைதான் வேண்டும்.

வளாகத்தில் பொங்கல் பானை வைக்க விடுவார்களா? (விடுதி மாணவர்)

கட்டடத்துக்குள் தீ மூட்ட அனுமதி எதிர்பார்க்காதீர்கள். திறந்தவெளி என்றாலும் விடுதி அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் இண்டக்ஷன் அடுப்பு இருக்கிறது. ஆனால் மண்பானையும் பித்தளைப் பானையும் அதில் சூடேறாது. காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர் பானை வேண்டும். காந்தத்தை அடியில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பால் பொங்கும் நேரத்தில் பக்கத்து அறைச் சீன, மலாய் நண்பர்களையும் கூப்பிட்டு நிறுத்துங்கள். "பொங்கலோ பொங்கல்" என்று அவர்களும் சேர்ந்து கத்தும்போது அந்த இடமே மாறிவிடும்.

எங்கள் குழுவில் தமிழ் முஸ்லிம் நண்பர்கள் இருக்கிறார்கள். நோன்பு மாதத்தில் நிகழ்ச்சி வைக்கலாமா? (இரண்டாம் ஆண்டு மாணவர்)

தாராளமாக, ஆனால் அவர்களையும் உட்காரவைத்து நேரம் குறியுங்கள். 2026இல் நோன்பு பிப்ரவரி பிற்பாதியில் தொடங்கி மார்ச் மூன்றாம் வாரம் வரை. இங்கே நோன்பு திறக்கும் நேரம் ஏறக்குறைய இரவு 7.20. ஏழு மணிக்கு நிகழ்ச்சியைத் தொடங்கினால் அவர்களை வெளியே நிறுத்திய மாதிரி ஆகிவிடும். ஒன்று ஆறரைக்குள் முடியுங்கள், அல்லது எட்டரைக்குத் தொடங்குங்கள். இன்னும் நல்லது, பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் வைத்து எல்லாரும் சேர்ந்து நோன்பு திறப்பது. மற்ற மாதங்களிலும் ஹலால் சான்றிதழ் உள்ள கேட்டரரிடம் சொல்லுங்கள், சைவமும் தனியாக இருக்கட்டும். ஒன்று வைத்தால் போதும் என்று மிச்சம் பிடிக்காதீர்கள்.

அக்கா, எனக்குத் தமிழ் வாசிக்கவே தடுமாறுகிறது. வீட்டில் ஆங்கிலம்தான். பேரவையில் சேர்ந்தால் சிரிப்பார்களோ என்று பயம். (பெயர் வேண்டாம்)

இந்தக் கேள்விக்காகவே மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுத உட்கார்ந்தேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எல்லா இனத்தவரையும் சேர்த்த சிங்கப்பூர்வாசிகளில், வீட்டில் அதிகமாகப் பேசுவது தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு மட்டுமே. உங்களைப் போலத் தடுமாறுகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் வெளியே நின்றால் பேரவை யாருக்காக?

முதலில் மேடை வேண்டாம். விளக்கு, ஒலி, மேடைப்பொருள் குழுவில் சேருங்கள். "திரையை இழு", "அந்த நாற்காலியை நகர்த்து", "இன்னும் சத்தமா" என்று இரண்டு மாதம் தமிழிலேயே கேட்டு வேலை செய்தால் நாக்கு தானாகப் பழகும். நாடகத்தின்போது சுவரில் ஓடும் ஆங்கில மொழிபெயர்ப்பு வரிகளைச் சரிபார்க்கும் வேலையும் அருமையானது, ஒவ்வொரு வசனத்தையும் நிறுத்தி நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கும். அப்படித் தொடங்கிய ஒரு தம்பி மறு ஆண்டு அறிவிப்பாளராக நின்றான். இரண்டு இடத்தில் தடுமாறினான், சரிசெய்துகொண்டு தொடர்ந்தான்.

பேரவைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உச்சரிப்பைக் கூட்டத்தில் வைத்துத் திருத்தாதீர்கள். ழகரம் வராத ஒருவரை ஒருமுறை சிரித்து அனுப்பினால் அவர் திரும்பி வரவே மாட்டார்.

வெளிநாட்டு ஊழியர்களை அழைக்க நினைக்கிறோம். எப்படி? (சமூகச் சேவைப் பிரிவு)

ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், பலருக்கும் அன்றுதான் ஓய்வு. பேருந்து ஏற்பாடு செய்யுங்கள். நன்யாங் பல்கலைக்கழக வளாகம் என்றால் பூன் லே ரயில் நிலையம் வந்து 179 அல்லது 199 பேருந்து பிடித்து உள்ளே வர வேண்டும், புதியவருக்கு அது சுலபமில்லை. அப்புறம், அவர்களை வரிசையில் உட்காரவைத்துப் பொட்டலம் கொடுத்துப் படம் எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். 2014இல் இங்கே தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டியில் தமிழிலும் எழுதினார்கள். மேடையில் அவர்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

பணத்துக்கு? (பொருளாளர்)

வளர்தமிழ் இயக்கம் தமிழ்மொழி விழாவுக்கான திட்டங்களை ஏப்ரலுக்கு வெகு முன்பே கேட்கும், அந்த அழைப்பைத் தவறவிடாதீர்கள். லிட்டில் இந்தியா கடைக்காரர்களிடம் நேரில் போங்கள், மின்னஞ்சல் வேண்டாம். தமிழ் முரசு நாளிதழை நடத்திய தமிழவேள் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" நிதி திரட்டியபோது பல்கலைக்கழகத் தமிழுக்காகச் சாதாரணத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். அந்தக் கதையைக் கடைக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், பலருக்குத் தெரிந்திருக்கும்.

மகள் ஒத்திகை முடிந்து இரவு பதினொன்றரைக்கு வருகிறாள். கவலையாக இருக்கிறது. (ஒரு தாயார்)

உங்கள் கவலை நியாயம், அம்மா. ஒத்திகையைப் பத்து மணிக்கு முடிக்கச் சொல்லி ஏற்பாட்டுக் குழுவிடம் மகளே கேட்கட்டும், தயங்க வேண்டாம். நாங்களும் ஒரு தாயார் கேட்ட பிறகுதான் அப்படி மாற்றினோம். நாடக நாளன்று நீங்களும் வந்து முன்வரிசையில் உட்காருங்கள்.