சர்வாதிகார ஆட்சியில் இருக்கும் ஏழை நாட்டுக்கு வெளியார் உதவலாமா?

உதவத்தான் வேண்டும். மனிதநேய உதவி என்பது உயிர் காக்கும் உணவு, மருந்து, குடிநீர். சர்வாதிகாரிக்குத் தேர்தல் பயம் இல்லை. அதனால் மக்கள் பட்டினி கிடந்தாலும் அவர் பதவி ஆடாது. 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் மியான்மரில் (பழைய பெயர் பர்மா) சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்; அப்போதும் ராணுவ ஆட்சி வெளிநாட்டு உதவியாளர்களை வாரக்கணக்கில் தடுத்தது. பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் வாழும் நம் சென்னைக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

சரி, யார் கையில் கொடுப்பது? தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியின் குழாயை ஒரே ஆள் பிடித்துக்கொண்டால், அவருக்கு வேண்டியவர்கள் குடம்தான் நிறையும். அரசு கஜானாவில் பணமாகப் போடுவதும் அப்படித்தான். மருத்துவமனை, உள்ளூர் அமைப்புகள் வழியாகப் பொருளாகப் போகட்டும்.

உதவியை நிறுத்தினால் ஆட்சி தானாகக் கவிழும் என்பது தவறான எண்ணம்; 1990களில் வட கொரியாவில் பஞ்சத்துக்கு லட்சக்கணக்கானோர் பலியானார்கள், ஆட்சி அப்படியே நின்றது.