பரோலோ என்ற இத்தாலியச் சிவப்பு ஒயினைப் பல ஆண்டுகள் வைத்திருந்தால் உண்மையிலேயே சுவை கூடுமா, அல்லது வெறும் பேச்சா?

யாரோ பரிசாகக் கொடுத்த பாட்டிலை ஃபிரிட்ஜ் மேல் நிறுத்திவைத்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் அதை அங்கிருந்து இறக்குங்கள். பிறகு படிக்கலாம்.

சுவை மாறும், அதில் சந்தேகமே இல்லை. கூடுமா என்பது அவரவர் நாக்கைப் பொறுத்தது. இத்தாலியின் டூரின் நகருக்கு வேலைக்கு வந்த புதிதில், 2014இல், 2010ஆம் ஆண்டு அறுவடையின் பரோலோ ஆறு பாட்டில்கள் வாங்கினேன். (அறுவடை ஆண்டின் நவம்பரிலிருந்து 38 மாதங்கள், அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் இருந்த பிறகே விற்கலாம் என்பது விதி.) ஒன்றை அன்றே திறந்தேன். கடுக்காயைக் கடித்தது போல ஈறெல்லாம் இழுத்துப் பிடித்தது. இத்தாலிய நண்பர்கள் டானின் என்ற துவர்ப்புப் பொருள் பற்றிப் பாடம் நடத்தினார்கள். துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணி வளர்ந்தவனுக்குப் பாடமா!

இரண்டாவது, 2018இல். ஊமை. மணம் இல்லை, பழம் இல்லை, துவர்ப்பு மட்டும் அப்படியே. ஏமாந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மூன்றாவது, 2022 டிசம்பரில். முந்தைய நாளே நிமிர்த்திவைத்து, வண்டலை அடியில் படியவிட்டு, மெதுவாக ஊற்றினேன். விளிம்பில் செங்கல் நிறம். சாமி படத்தில் இரண்டு நாள் கிடந்த ரோஜா மாலையின் வாசனை. அதற்கடியில், சிரிக்காதீர்கள், புதிதாகப் போட்ட சாலையின் தார். துவர்ப்பு போய்விடவில்லை, ஈறை விட்டுவிட்டிருந்தது, அவ்வளவுதான். துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் சேர்ந்து பெரிதாகி, ஒரு பகுதி வண்டலாக இறங்கிவிடுகிறது. பரோலோ செய்யும் நெப்பியோலோ திராட்சைக்கு அந்த அளவு துவர்ப்பும் புளிப்பும் இருப்பதால்தான் இது நடக்கிறது. அதே மலைச்சரிவில் விளையும் டோல்செட்டோ என்ற இன்னொரு திராட்சையின் ஒயினை இப்படிக் காத்திருந்து குடித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

குடியைப் பரப்புகிறான் என்று கிளம்பப் போகிறவர்களுக்கு: எட்டு ஆண்டுகளில் மூன்று பாட்டில்கள், அதுவும் நான்கைந்து பேர் பகிர்ந்தது.

மீதி மூன்றில் இரண்டு போன கதையையும் சொல்லியாக வேண்டும். பழைய கட்டடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிலவறை உண்டு. 12, 14 டிகிரியில் குளுகுளுவென்று இருந்த என் நிலவறை வழியாக, 2023இல் கட்டட நிர்வாகி வெந்நீர்க் குழாயைக் கொண்டுபோனார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பார்த்தபோது இரண்டு பாட்டில்களில் தக்கை மேலே தள்ளியிருந்தது. உள்ளே வேகவைத்த பிளம் பழச் சாறு. புகார் எழுதினேன். பதிலுக்கு லிஃப்ட் பராமரிப்புக் கட்டணம் பாக்கி என்று கடிதம் வந்தது. நான் குடியிருப்பது தரைத்தளம்!

ஆறாவது பாட்டில் இப்போது பரோலோ விளையும் லாங்கே குன்றுப் பக்கம் ஒரு நண்பரின் நிலவறையில் படுத்திருக்கிறது. 2030 வரை தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டில் அதற்குள் விசேஷம் எதுவும் வராதா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.