ஏட்டம்மா பதில்கள்: குளிக்கப் போகிற இடத்தில் செயினை எங்கே வைக்க?

(கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரைகளிலும் அருவிக்கரையிலும் பணி செய்து, தலைமைக் காவலராக ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். வெளியே போகும்போது கைப்பொருளையும் உடம்பையும் காப்பது பற்றிய கேள்விகள் இந்த முறை.)

ஏட்டம்மா, லீவுக்கு அக்கா, தங்கச்சி, நாத்தனார், பிள்ளைகள் என்று எல்லாரும் சேர்ந்து திற்பரப்பு அருவிக்குப் போகிறோம். நகை, போன், கார் சாவி இதெல்லாம் எங்கே வைப்பது? எல்லாருக்கும் குளிக்க ஆசை.
– வாசகி, தக்கலை

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் குளிக்க ஆசை, அதுதானே சிக்கல்! இரண்டு செட்டாகப் பிரிந்துகொள்ளுங்கள். முதல் செட் வெளியே வந்து, தலை துவட்டி, உடுப்பு மாற்றி, பையைக் கையில் வாங்கிய பிறகுதான் அடுத்த செட் இறங்க வேண்டும். "நீ இறங்கு, நான் இதோ வந்துட்டேன்" என்று ஈரத்துணியோடு உடுப்பு மாற்றும் அறைக்குப் போவார்கள் பாருங்கள், பை காணாமல் போகிறது என்றால் அந்த நேரத்தில்தான். காவலுக்கு நிற்பது பெரிய ஆளாக இருக்கட்டும். பத்து வயசுப் பையனை நிறுத்தினால் அவன் கண் தண்ணீரில்தான் இருக்கும். போனில் ரீல்ஸ் பார்க்கிற சித்தப்பாவை நிறுத்துவதும் அதே கதைதான்.

தாலிச் செயினைக் கழற்ற மாட்டீர்கள். அது எனக்குத் தெரியும், கழற்றச் சொல்லவும் மாட்டேன். ஆனால் தண்ணீர் அங்கே சுமார் ஐம்பது அடி உயரத்திலிருந்து பிடரியில் விழுகிறது. செயினின் கொக்கி இருப்பதும் பிடரியில்தான். பழைய செயின் என்றால் எஸ் கொக்கியின் வாய் கொஞ்சம் விரிந்திருக்கும். நகத்தை விட்டுப் பாருங்கள், நகம் உள்ளே போனால் போகிற வழியில் ஆசாரியிடம் கொடுத்து அமுக்கிக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே, கொக்கியின் இரண்டு பக்க வளையத்தையும் சேர்த்து ஒரு சின்ன ஊக்கு குத்தி, அந்த ஊக்கைச் சுடிதாரின் கழுத்துப் பட்டியில் உள்பக்கமாக மாட்டிவிடுங்கள். விழுந்த பிறகு அருவிக்கு அடியில் உள்ள கயத்தில் தேடிக் கிடைக்கிற பொருள் இல்லை தங்கம். மஞ்சள் கயிற்றில் தாலியை மட்டும் கோர்த்துக்கொண்டு, செயினை வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டு வருகிற பெண்களும் உண்டு. திற்பரப்பில் நிம்மதியாகக் குளித்தவர்கள் என்று நான் பார்த்தது அவர்களைத்தான்.

அடுத்தது கார். வண்டி நிறுத்துமிடத்தில் டிக்கியைத் திறந்து, நாலு கைப்பையையும் உள்ளே அடுக்கி, மேலே ஒரு தோர்த்தை, அதாவது துண்டைப் போட்டு மூடிவிட்டு நடப்பது வழக்கம். எதிர்க் கடையில் சாயா குடித்துக்கொண்டிருப்பவன் இதை முழுசாகப் பார்த்துவிடுவான். டிக்கியில் வைக்க வேண்டியதை வழியில் குலசேகரத்திலேயே ஒரு ஓரமாக நிறுத்தி வைத்துவிடுங்கள். திற்பரப்பில் டிக்கியைத் தொடவே தொடாதீர்கள். சாவியை டயருக்கு மேலே வைப்பது என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். சென்சார் சாவி நனைந்தால் திரும்பிப் போக வண்டி கிளம்பாது, அதனால் சாவி காய்ந்த ஆளின் கையில்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்தால் இங்கே வரத்து கூடும், குளிக்கத் தடை போடுவார்கள். நீங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது விசில் அடித்தால் சோப்பு, செருப்பு, தோர்த்து எதையும் எடுக்க நிற்க வேண்டாம். ஏறிவிடுங்கள்.

பைக்கில் தனியாக ஊர் சுற்றுகிறவன் நான். பாதுகாப்புக்கு ஒரு கத்தி வைத்துக்கொள்ளலாமா? இல்லை, பெப்பர் ஸ்பிரே போதுமா?
– வாசகர், மார்த்தாண்டம்

கத்தி வேண்டாம் தம்பி. ஆயுதச் சட்ட விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதக் கணக்கில் வருகிறது. வீட்டு வேலை, தோட்ட வேலைக்கு உள்ள வெட்டோத்தியை (வெட்டரிவாளை) அதில் சேர்ப்பதில்லை. ஆனால் ராத்திரி பத்து மணிக்குச் சொத்தவிளைக் கடற்கரையில் வெட்டோத்தியோடு நின்றுகொண்டு, "தேங்காய் வெட்ட வந்தேன்" என்று சொன்னால் ரோந்து போகிற போலீஸ்காரர் நம்ப மாட்டார். நானும் நம்பியிருக்க மாட்டேன். அளவில் சின்னக் கத்தியானாலும், பழக்கமில்லாத கையில் இருந்தால் எதிராளி பிடுங்கிக்கொள்வான்.

பெப்பர் ஸ்பிரேக்கு லைசென்ஸ் தேவையில்லை. நம் மாவட்டத்தில் அதற்கு ஒரே எதிரி காற்று. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பது அந்தக் கணவாய்க் காற்றை நம்பித்தானே? அங்கே காற்றுக்கு எதிரே நின்று அடித்தால் அத்தனையும் உங்கள் கண்ணுக்கே வரும். கடற்கரையிலும் அப்படித்தான். சட்டை எந்தப் பக்கம் படபடக்கிறது என்று பார்த்து நிற்கப் பழகுங்கள். வாங்கியதும் வெட்டவெளியில் ஒரு தடவை அடித்துப் பாருங்கள். டப்பாவில் காலாவதித் தேதி இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். பைக்குள் சட்டைக்கும் சார்ஜருக்கும் அடியில் கிடந்தால் அது இருந்தும் இல்லாததுதான்.

என்னைக் கேட்டால் முதலில் ஒரு விசில் வாங்குங்கள், விளையாட்டு நடுவர் ஊதுகிற மாதிரி. அலைச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் இருபது அடிக்கு அப்பால் கேட்காது, விசில் கேட்கும்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும், முன்பிருந்த சட்டம் போலவே, தற்காப்பு உரிமை உண்டு. ஆபத்தைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். பிடிபட்டவனைத் தூணில் கட்டி வைத்து ஆளாளுக்கு அடித்துவிட்டு அதைத் தற்காப்பு என்று சொல்ல முடியாது. அடித்தவர்கள் பெயரில் தனியாகக் கேஸ் வரும்.

சுசீந்திரம் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கிறது. போன், பணம் எல்லாம் சட்டைப் பையில்தான் இருக்கும். என்ன செய்ய?
– வாசகர், கோவில்பட்டி

சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, தாணுமாலயன் சன்னதியில் குனிந்து கும்பிடுவீர்கள். போன் கீழே விழும், அல்லது பின்னால் நிற்பவன் கையில் விழும். வேட்டி என்றால் மடியில் கட்டுங்கள். பேன்ட் என்றால் முன்பக்கப் பாக்கெட். சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும், கூட்டத்துக்குள் நின்று மாற்றக் கூடாது. கன்னியாகுமரி அம்மன் கோயிலிலும் இதே கதைதான்.

கடலில் கால் நனைக்கப் போகும்போது பையையும் செருப்பையும் மணலில் விட்டுவிட்டுப் போகிறோம். போன தடவை அலை வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. எவ்வளவு தூரத்தில் வைத்தால் பத்திரம்?
– வாசகி, மதுரை

காய்ந்த கடற்பாசியும் குப்பையும் சேர்ந்து மணலில் ஒரு கோடு போட்டிருக்கும். கடைசியாகப் பெரிய அலை ஏறிவந்த இடம் அது. அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே வைக்க வேண்டும். உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் நீங்கள் கேட்காததைத்தான் நான் சொல்லியாக வேண்டும்.

அலை ஒற்றைச் செருப்பை இழுக்கும். பிள்ளை அதன் பின்னாலேயே ஓடும். "செருப்புதானே, விடு" என்று அப்பா சொல்வதற்குள் முட்டளவுத் தண்ணீர். அலை திரும்பும்போது காலுக்கடியில் மணல் அரித்துக்கொண்டு போகும், குதிகால் குழிக்குள் இறங்கும், அதோடு ஆள் சாய்வான். நம் கரைகள் பலவும் சட்டென்று ஆழம் விழுகிற கரைகள். முட்டத்தில் பாறை வேறு. செருப்பும் போனும் போனால் போகட்டும் மக்களே. வீட்டிலிருந்து கிளம்பும்போதே பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள். அலை முன்னால் நின்று சொன்னால் காதில் ஏறாது.

கள்ளக்கடல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கேயோ அடிக்கிற புயலால் எழும்புகிற அலை, நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வரும். இங்கே வானம் தெளிந்திருக்கும், காற்றும் இருக்காது, கடல் மட்டும் திடீரென்று ஏறும். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படிக்கிற ஐந்து பிள்ளைகளைக் கடல் இழுத்துக்கொண்டு போனது அப்படியொரு நாளில்தான். எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் இந்த அறிவிப்பைக் கொடுக்கிறது, செய்திகளிலும் வருகிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஓட்டல் எது, சாப்பாடு எங்கே என்று தேடுகிற போனில் அதையும் ஒரு தடவை தேடலாம். இல்லையென்றால் கரையில் வலை பின்னுகிற அண்ணன்மாரிடம் "இன்னைக்குக் கடல் எப்படி?" என்று கேளுங்கள். வள்ளங்களை வழக்கத்தைவிட மேலே ஏற்றிப் போட்டிருந்தால் அதுவே பதில். அன்றைக்குக் காலும் நனைக்க வேண்டாம்.

யாராவது இழுபட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள், ஒரு சாவு இரண்டாகும். மூடி இறுக்கிய காலிக் கேன், கயிறு, மிதக்கிற எதையாவது எறியுங்கள். மீன்பிடிக்கிறவர்களைக் கூப்பிடுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசுக்கு 1093, பொதுவாக எல்லாவற்றுக்கும் 112.

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்கும்போது போனைப் பறிகொடுத்துவிட்டேன். எதை முதலில் செய்வது என்று தெரியாமல் அரைநாள் போய்விட்டது. இனி யாருக்காவது ஆனால் என்ன செய்யச் சொல்வீர்கள்?
– வாசகர், சேலம்

சூரியன் எழும்புகிற அந்த நேரத்தில் எல்லார் முகமும் கிழக்கே இருக்கும், பை காலடியில் இருக்கும். திருடன் ஓடக்கூட வேண்டியதில்லை, நடந்தே போவான். நிற்கும்போது பையின் வாரை ஒரு காலில் மாட்டிக்கொண்டு நில்லுங்கள்.

தொலைந்தால் முதலில் கூட இருப்பவர் போனிலிருந்து சிம்மை நிறுத்துங்கள். போனைவிட அதிலிருக்கும் பணம்தான் பெரிது. ஓடிபி வருகிற வழி அடைந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்து வங்கிக்குச் சொல்லி யுபிஐ, கார்டு இரண்டையும் முடக்குங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-இல் சொல்லுங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். அதே எண்ணில் புதுச் சிம் எடுத்த பிறகு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் புகார் நகலைப் பதிவேற்றி, போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ-யை முடக்கச் சொல்லலாம். முடக்கிவிட்டால் எந்தச் சிம்மைப் போட்டாலும் அந்தப் போன் வேலை செய்யாது. அந்த 15 இலக்க எண் போன் வாங்கிய பெட்டியில் இருக்கும். இப்போதே உங்கள் போனில் *#06# அடித்துப் பார்த்து, வீட்டுக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வையுங்கள். போனிலேயே சேமித்து வைக்கிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள்!

சாயங்காலம் வேலை முடிந்து கருக்கலில் தனியாக நடந்து வருவேன். பைக்கில் வந்து செயினை அறுக்கிறார்கள் என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, குளச்சல்

எதிரே வண்டி வருகிற பக்கமாக, அதாவது சாலையின் வலது ஓரமாக நடங்கள். முதுகுக்குப் பின்னால் பைக் ஒட்டி வர வழியிருக்காது. முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளுங்கள். வழி கேட்டு யாராவது நிறுத்தினால் நின்ற இடத்திலிருந்தே சொல்லுங்கள், பைக் பக்கத்தில் போகத் தேவையில்லை. செயினில் கை விழுந்துவிட்டால் பிடித்துத் தொங்காதீர்கள், தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போய்விடுவான். தலையில் அடிபட்டால் செயினைவிடப் பெரிய செலவு.

வண்டி எண்ணை முழுசாகப் படிக்க முடியாது. கடைசி நாலு எண்ணை மட்டும் பிடியுங்கள். முன்னால் TN 74 என்றால் நாகர்கோவில், 75 என்றால் மார்த்தாண்டம் பதிவு, வேறு எதுவானால் வெளி வண்டி. ஆனால் நம்பர் பிளேட்டே திருட்டாக இருக்கலாம். அதனால் பின்னால் இருந்தவன் சட்டை நிறம், எந்தப் பக்கம் திரும்பினான் என்பதையும் 112-இல் சொல்லுங்கள். அழுவது அப்புறம்.

காளிகேசத்தில் கூடாரம் போட்டுத் தங்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

கூடாது. அது வன உயிரினச் சரணாலயக் காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் தங்கினால் குற்றம். செக்போஸ்ட்டில் சொல்கிற நேரத்துக்குள் திரும்பிவிடுங்கள். கீரிப்பாறைப் பக்கம் ஆனை வரும் தம்பி. விடியுமுன்னே ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, சேர்ந்து, பேசிக்கொண்டே போவது சும்மா இல்லை.

மருந்துவாழ்மலை ஏறும்போது குரங்கு என் கூலிங்கிளாஸைப் பிடுங்கிவிட்டது. எப்படித் தப்புவது?
– வாசகி, பார்வதிபுரம்

பிளாஸ்டிக் கவரின் சரசரப்புச் சத்தம் கேட்டாலே அது இறங்கி வரும். தின்பண்டத்தைத் துணிப்பைக்குள் வைத்து, ஜிப்பை முழுசாக மூடிக்கொண்டு ஏறுங்கள். பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கயிறு மாட்டிக்கொள்ளலாம். பிடுங்கினால் திருப்பி இழுக்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்கவும் வேண்டாம், அது சண்டைக்கு அழைக்கிற மாதிரி. தின்ன உதவாது என்று தெரிந்தால் பெரும்பாலும் கீழே போட்டுவிட்டுப் போய்விடும். நகமோ பல்லோ பட்டுவிட்டால், கீறல் சின்னதாக இருந்தாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கோ போய் ரேபிஸ் ஊசி போடுங்கள். அடுத்த ஊசிகளுக்குக் கொடுக்கிற தேதிச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.