வந்தால் நம்மாள், போனால் துரோகி

அன்புள்ள சார்,

டல்லாஸில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். மாப்பிள்ளை ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தவர். சனிக்கிழமையானால் கல்லூரிச் சட்டையை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவர் புண்ணியத்தில் அமெரிக்கக் கால்பந்து எனக்கும் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது. ஒன்றுதான் விளங்கவில்லை. அலபாமாவிலிருந்து வந்து ஒரே ஒரு சீசன் ஆடிய ஜேலன் ஹர்ட்ஸை 'எங்க ஆளு' என்கிறார். இங்கிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போன கேலப் வில்லியம்ஸ் பெயரை எடுத்தாலே முகம் சுண்டிப்போகிறது, துரோகி என்கிறார். இரண்டு பேரும் செய்தது ஒன்றுதானே? காசுக்காகக் கல்லூரி மாறும் காலம் வந்துவிட்டது, விசுவாசமெல்லாம் போச்சு என்ற புலம்பல் வேறு. முன்பு மட்டும் இருந்ததா?

ச.

அன்புள்ள ச.,

செய்தது ஒன்றுதான். மாப்பிள்ளை நின்று பார்க்கும் இடம்தான் வேறு.

நீங்கள் சொன்ன இருவருமே குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துகிறவர்கள். குவார்ட்டர்பேக்கின் நிலைமை மற்ற ஆட்டக்காரர்களுக்குக் கிடையாது. மற்ற இடங்களில் ஆளை மாற்றி மாற்றி இறக்குவார்கள், இரண்டாம் நிலை ஆளுக்கும் ஆட்டத்துக்கு நாலு வாய்ப்பாவது வரும். குவார்ட்டர்பேக் ஒருவர்தான். அடுத்தவர் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும், முதல் ஆளுக்கு அடிபடும்வரை. கல்லூரியில் ஆடக் கிடைப்பதோ மொத்தம் நான்கு சீசன். ஒன்றை வெளியே நின்று கழித்தால் கால்வாசி போயிற்று.

ஹர்ட்ஸ் டெக்சாஸ்காரர். அப்பா பள்ளிக்கூடக் கோச். 2016இல் முதலாண்டு மாணவராகவே அலபாமாவின் பிரதான குவார்ட்டர்பேக் ஆனார். இரண்டு சீசனில் அவர் தொடங்கிய ஆட்டங்களில் அணி தோற்றது இரண்டே இரண்டு. 2018 ஜனவரி 8, அட்லாண்டாவில் ஜார்ஜியாவுக்கு எதிராக தேசிய இறுதி ஆட்டம். பாதி ஆட்டத்தில் 13-0 என்று அலபாமா பின்தங்கியிருந்தது. கோச் நிக் சேபன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு டுவா டாகோவைலோவா என்ற முதலாண்டுப் பையனை இறக்கினார். கூடுதல் நேரத்தில் அவன் எறிந்த 41 கஜம் பந்தில் அலபாமா 26-23 என்று ஜெயித்தது. ஹர்ட்ஸ் ஓரத்தில் நின்று கைதட்டினார். அந்த வசந்தகாலம் முழுக்கத் தன் மனசு எப்படி இருக்கிறது என்று கோச்சுகள் உட்பட யாருமே வந்து கேட்கவில்லை என்று ஆகஸ்டில் அவரே நிருபர்களிடம் சொன்னார்.

ஆனாலும் போகவில்லை. 2018 டிசம்பர் 1, அதே அட்லாண்டா, அதே அரங்கம், எதிரில் அதே ஜார்ஜியா. கடைசிக் கால்பகுதியில் டுவாவுக்குக் கணுக்காலில் அடி. 28-21 என்று பின்தங்கிய நிலையில் ஹர்ட்ஸ் உள்ளே வந்தார். ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் சேர்ப்பது) எறிந்து சமன் செய்தார். ஒரு நிமிடம் சொச்சம் மீதி இருந்தபோது 15 கஜம் தானே ஓடிப்போய் இன்னொன்று. 35-28.

இதை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் பொறுமை, விசுவாசம் என்று நிறையப் பிரசங்கம் செய்துவிட்டார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். அன்றைய விதிப்படி பட்டம் முடிக்காமல் கல்லூரி மாறுகிறவர் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும். பட்டம் வாங்கிவிட்டால் போன இடத்தில் உடனே ஆடலாம். ஹர்ட்ஸ் மூன்றே வருடத்தில், அதே டிசம்பரில், பட்டத்தை முடித்தார். ஜனவரியில் ஓக்லஹோமா. உட்கார்ந்தே ஆக வேண்டுமென்றால் அலபாமாவிலேயே உட்கார்ந்து படிப்பை முடிப்போம் என்பதும் ஒரு கணக்குதான். நல்ல கணக்கு. அதற்கு விசுவாசம் என்று மட்டும் பெயர் வைத்தால் பையனின் புத்திசாலித்தனத்தைக் குறைத்துச் சொன்னதாகிவிடும்.

மீதிப் பாதியையும் சொல்கிறேன். அந்த 2018இல் ஒரு புது விதி வந்தது: நான்கு ஆட்டத்துக்கு மேல் இறங்காதவருக்கு அந்த சீசன் கணக்கில் சேராது. கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் கெல்லி பிரையன்ட் என்ற குவார்ட்டர்பேக்கின் இடம் நான்காவது ஆட்டத்துக்குப் பிறகு ட்ரெவர் லாரன்ஸ் என்ற முதலாண்டு மாணவருக்குப் போனது. பிரையன்ட் அந்த வாரமே கிளம்பி, அடுத்த ஆண்டு மிசூரி பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். அதே வாரம் சனிக்கிழமை ஹர்ட்ஸ் ஐந்தாவது ஆட்டத்தில் இறங்கினார், அந்த சீசனை மிச்சம் பிடிக்கும் வாய்ப்பைக் கைவிட்டார். அது கணக்கு இல்லை என்றுதான் தோன்றுகிறது. பிரையன்ட் செய்ததையும் நான் குறை சொல்ல மாட்டேன். விதி கொடுத்த வழியில்தான் அவர் போனார்.

ஓக்லஹோமாவில் ஹர்ட்ஸ் 3,851 கஜம் எறிந்தார், 1,298 கஜம் ஓடினார். ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். முதலிடம் ஜோ பர்ரோ. அவரும் ஒஹையோ ஸ்டேட்டில் இடம் கிடைக்காமல் எல்.எஸ்.யூ.வுக்கு (லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) மாறியவர். அரையிறுதியில் இருவரும் மோதியதும் அந்த அட்லாண்டா அரங்கத்தில்தான். எல்.எஸ்.யூ. 63, ஓக்லஹோமா 28. பர்ரோ முதல் பாதியிலேயே ஏழு டச்டவுன் எறிந்தார். மாப்பிள்ளையிடம் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருப்பது வீட்டுக்கு நல்லது. தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2020இல், ஹர்ட்ஸ் 53ஆவது ஆளாகத்தான் பிலடெல்ஃபியாவுக்குப் போனார். 2025 பிப்ரவரியில் தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்து, அந்த ஆட்டத்தின் சிறந்த வீரரும் ஆனார். இடையில், 2023இல், ஓக்லஹோமாவில் பாக்கி வைத்திருந்த முதுகலைப் படிப்பையும் முடித்துவிட்டார்.

இனி விசுவாசம். 2006 டிசம்பரில் மயாமி டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணியின் கோச்சாக இருந்த நிக் சேபன், அலபாமாவுக்குப் போக மாட்டேன் என்று நிருபர்களிடம் அடித்துச் சொன்னார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அலபாமா கோச் ஆகிவிட்டார். அவரை யாரும் ஒரு வருடம் உட்கார வைக்கவில்லை. உட்கார வேண்டியவன் பத்தொன்பது வயதுப் பையன். 2021இல்தான் முதல் மாற்றத்துக்கு அந்தத் தண்டனையை எடுத்தார்கள், 2024இல் எத்தனை முறை மாறினாலும் ஆடலாம் என்று ஆயிற்று. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025இலிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம், ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்கு 2 கோடி டாலர் அளவுக்கு. வருஷத்துக்கொரு கல்லூரி என்று அலைந்தால் படிப்பு உருப்படாது என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் முன்பு இருந்தது பூட்டு. அதைத்தான் மாப்பிள்ளை விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஓக்லஹோமாவும் இந்த வாசலால் வாழ்ந்த இடம். 2017 ஹைஸ்மன் பேக்கர் மேஃபீல்ட், டெக்சாஸ் டெக்கிலிருந்து உதவித்தொகைகூட இல்லாமல் வந்தவர். இன்று அவருக்கு அங்கே சிலை இருக்கிறது. 2018 ஹைஸ்மன் கைலர் மரே, டெக்சாஸ் ஏ அண்ட் எம்மிலிருந்து வந்தவர். அடுத்து ஹர்ட்ஸ். 2021 நவம்பரில் கோச் லிங்கன் ரைலி தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். தன்னைக் கூட்டிவந்த கோச் பின்னால் வில்லியம்ஸும் போனார், 2022 ஹைஸ்மனை அங்கே வாங்கினார்.

அந்த வில்லியம்ஸ் ஓக்லஹோமாவில் ஆட வந்ததே இன்னொருவர் இடத்தில். 2021 செப்டம்பரில், சொந்த மைதானத்தில், ஸ்பென்சர் ராட்லர் ஆடிக்கொண்டிருக்கும்போதே மாணவர்கள் 'எங்களுக்குக் கேலப் வேண்டும்' என்று கத்தினார்கள். இரண்டு வாரம் கழித்து டெக்சாஸுக்கு எதிராக ராட்லரை உட்கார வைத்தார்கள். சீசன் முடிந்ததும் அவர் தெற்கு கரோலினாவுக்குப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை இடைவேளையில் மாப்பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், அன்றைக்கு அவர் டிவி முன்னால் யார் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார் என்று.